நாற்காலி சுமக்கத் தமிழ். ஒலிவாங்கி பிடிக்க ஆங்கிலமா?

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரிகள் திறந்ததும் தமிழ்நாட்டில் விழாக்காலம் தொடங்கிவிடுகின்றது. துறைக்கொரு விழா, கல்லூரிக்கொரு பெருவிழா, இடையிடையே கருத்தரங்கு, பயிலரங்கு என்று பங்குனி வரை ஓய்வில்லை. வாயிலில் பனைமர உயரத்திற்கு ஒரு விளம்பரத் தட்டி நிற்கும். 'சிம்போசியம்' என்றோ 'கல்ச்சுரல்சு' என்றோ அதிற் கொட்டை எழுத்து. கீழே 'சீப் கெசுட்டு', அவர்க்குக் கீழே 'சுடூடண்டு கோ-ஆர்டினேட்டர்சு', அடியில் பணம் கொடுத்த கடைகளின் முத்திரைகள். அத்தட்டியில் தமிழெழுத்து எங்கேனும் உண்டா என்று தேடுவோர் அச்சகத்தின் பெயர் வரை இறங்கிவந்து வெறுங்கையோடு திரும்பவேண்டியதுதான். தட்டியை வெயிலில் நின்று கட்டியவன் தமிழன். கட்டச் சொன்னவனும் தமிழன். அதன்கீழ் நடந்து செல்வோரிற் பெரும்பாலாரும் தமிழர். யாருக்காக அந்த ஆங்கிலம்?

கல்லூரி விழா என்பது ஒருநாட் கூத்தன்று; அது மாணவர்க்குக் கிடைக்கும் முதல் ஆட்சிப் பயிற்சி. துறைத்தலைவர் வழியாக முதல்வர்க்கு இசைவு மடல் எழுதவேண்டும். அரங்கிற்கு நாள் குறிக்கவேண்டும். பேச வருவாரைத் தேடிக் கண்டு, நாள் வாங்கி, பயணச் செலவு பேசி, அவர் வந்திறங்கும் பேருந்து நிலையத்திற்கு ஆள் அனுப்பவேண்டும். பந்தல்காரரிடமும் ஒலிபெருக்கிக்காரரிடமும் விலை பேசவேண்டும். எத்தனை பேர் உண்பார் என்று கணித்துச் சோற்றுக்குச் சொல்லவேண்டும்; கணிப்புத் தப்பினால் வசவும் வாங்கவேண்டும். நன்கொடைக்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்து, வரவும் செலவும் எழுதி, மிச்சமா துண்டா என்று காட்டவேண்டும். நாளை ஓர் ஊராட்சியை, ஒரு கூட்டுறவுக் கழகத்தை, ஒரு தொழிற்சாலையை நடத்தப்போகும் கைகள் பழகுமிடம் இது. அந்தப் பழக்கம் எந்த மொழியில் நடக்கிறதோ அந்த மொழிதான் நாளை ஆளும். பாடநூல் எம்மொழியில் இருப்பினும் இதுதான் நடப்பு.

இப்பொழுது அப்பயிற்சி யாருக்குக் கிடைக்கின்றது என்று பார்க்கவேண்டும்.

திட்டக்குடிப் பக்கத்திலிருந்தோ அரூர்ப் பக்கத்திலிருந்தோ ஒரு மாணவன் வருகின்றான். அவன் வீட்டிலிருந்து கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் அவனே. விழா நடத்துவது அவனுக்குப் புதிதன்று. ஊர்த் திருவிழாவிற்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரித்துக் கணக்கு எழுதியவன். கூத்துக்காரர்க்கு வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்தவன். நடு இரவில் மின்விளக்கு அணைந்தால் யாரை எழுப்புவதென்று அறிந்தவன். இவ்வளவும் அவன் தமிழிலேயே செய்தவை. கல்லூரி விழாக்குழுக் கூட்டத்தில் அவன் கடைசி வரிசையில் உட்கார்கின்றான். பேச்சு ஆங்கிலத்தில் நடக்கின்றது. முழு ஆங்கிலமுமன்று, பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாய் ஒரு கலவை. பின்னேரத்தில் குழாய் வறண்டுவிடும், தண்ணீர் வண்டிக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அதைச் சொல்ல எழுந்தால் ஆங்கிலம் தடுக்கும், சிரிப்பார்கள் என்று எண்ணி வாயடைத்து உட்கார்ந்துவிடுகின்றான். விழா நாளில் குழாய் வறள்கின்றது. வாளி தூக்க அவனையே அழைக்கின்றனர்.

ஒலிவாங்கி வேறொருவன் கையில் இருக்கின்றது. அவன் நகரத்து ஆங்கிலப் பள்ளியிற் படித்தவன். அவன்மேற் பழியில்லை, அவனுக்குக் கற்பித்ததை அவன் செய்கின்றான். ஆனால், ஆண்டு முடிவிற் சான்றிதழ் பெறுவோன் அவன். வேலை தரும் நிறுவனத்தார்முன் 'விழா ஒருங்கிணைத்தேன்' என்று சொல்லிக்கொள்வோனும் அவன். நாற்காலி சுமந்தவனுக்கு வகுப்புக்கு வராத நாளுக்கு 'ஓ.டி.' என்னும் வருகைப் பதிவு கிடைக்கும்; அவ்வளவே. பெண்பிள்ளைகள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. எவ்வளவு திறமுடையவராயினும் அவர்களைப் பட்டுடுத்திச் சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டும் ஏந்தி வாயிலில் நிறுத்துகின்றனர். கணக்குப் புத்தகத்தை அவர்களிடம் கொடுத்துப் பார்க்க எத்தனை கல்லூரிகட்கு மனம் வந்தது?

பிறப்பால் மேல் கீழ் வகுத்ததை எதிர்த்தவர் வாழ்ந்த நாடு இது. மொழியால் மேல் கீழ் வகுப்பதை எவரும் ஏன் என்று கேட்பதில்லை.

விழாக்களின் பெயர்களைப் பார்ப்போம் என்றால் வேடிக்கை மிகுதி. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து மாணவர் விழாவிற்கு முதலில் இட்ட பெயர் 'மார்டி கிரா'. அது பிரெஞ்சுச் சொல். கிறித்தவரின் தவக்காலம் தொடங்குமுன் வரும் செவ்வாய்க்கிழமைக் கொண்டாட்டத்தைக் குறிப்பது. கிண்டிக் காட்டோரத்தில் அதற்கு என்ன வேலை என்று பல்லாண்டு எவரும் வினவவில்லை. 1996-இல் ஒருவழியாகப் பெயரை மாற்றினர். மாற்றிய பெயர் 'சாரங்க்'. பிரெஞ்சு போய் வடமொழி வந்தது. தமிழுக்கு முறையே வரவில்லை. திருச்சிராப்பள்ளியில் அன்றைய மண்டலப் பொறியியற் கல்லூரி மாணவர் 1975-இல் தொடங்கிய விழாவின் பெயர் 'பெசுட்டெம்பர்'. 'பெசுட்டு' என்பதையும் 'செப்டெம்பர்' என்பதையும் ஒட்டவைத்த ஒட்டுச்சொல். சோழர் தலைநகராயிருந்த உறையூர் அங்கிருந்து கூப்பிடு தொலைவில் இல்லாவிடினும் எட்டாத் தொலைவிலும் இல்லை.

இவை இந்திய நடுவணரசின் நிறுவனங்கள், பல மாநிலத்தார் பயில்வன என்று விட்டுவிடலாம். அறிஞர் அண்ணாவின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தின் கிண்டிப் பொறியியற் கல்லூரி மாணவர் 2007-இல் தொடங்கிய தொழில்நுட்ப விழாவிற்கு என்ன பெயர்? 'குருசேத்திரா'! அண்ணா பெயரால் அமைந்த இடத்தில் பாரதப் போர்க்களத்தின் பெயர். அண்ணாவே இருந்து பார்த்திருந்தால் ஓர் அடுக்குமொழியால் அதை அடித்து வீழ்த்தியிருப்பார். கல்லணையைக் கட்டியவர் மரபில் வந்தவர்க்குப் பொறியியல் விழாவிற்குப் பெயர் கிடைக்கவில்லையாம்.

"வெளிமாநிலத்தார் வருகின்றனர், ஆங்கிலம் இன்றி எப்படி?" என்று கேட்பார்க்கு விடை உண்டு. வருவோர்க்கு ஆங்கிலத்தில் ஒரு மடல் எழுதட்டும்; ஆங்கிலத்தில் ஓர் உரை நிகழட்டும்; அதை எவரும் தடுக்கவில்லை. விருந்தாளிக்குத் தனி இலை போடுவது தமிழர் வழக்கந்தான். விருந்தாளிக்காக வீட்டார் எல்லாரும் தம் தாய்மொழியை மறந்துவிடும் வழக்கம் எந்த நாட்டில் உண்டு? மேலும், வெளிமாநிலத்தார் ஒருவரும் எட்டிப்பாராத, ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள் மட்டும் பயிலும் சிற்றூர்க் கல்லூரியிலும் அதே ஆங்கிலத் தட்டிதானே தொங்குகின்றது! அங்கு வரும் வெளிநாட்டார் யார்?

"தமிழில் அதற்குரிய சொல் இல்லை" என்பது அடுத்த சாக்கு. இதற்கு வரலாறே விடை சொல்லும். நூறாண்டுகட்கு முன் தமிழ்நாட்டுக் கூட்ட அழைப்புகளைப் புரட்டிப் பார்த்தால், தலைவர் இரார், 'அக்கிராசனாதிபதி' இருப்பார். சொற்பொழிவு இராது, 'உபந்நியாசம்' இருக்கும். செயலாளர்க்குக் 'காரியதரிசி' என்றும், பொருளாளர்க்குப் 'பொக்கிசதார்' என்றும் பெயர். முடிவில் நன்றியுரை இராது, 'வந்தனோபசாரம்' நடக்கும். மாநாடு 'மகாநாடு' ஆகவும், வேட்பாளர் 'அபேட்சகர்' ஆகவும் இருந்த காலம் அது. 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது, இவையெல்லாம் மாறும் என்று சொன்னவரைப் பித்தர் என்றனர். மாறின. எப்படி மாறின? அகராதிக்குழு உட்கார்ந்து மாற்றவில்லை. கூட்டம் நடத்தியவர்கள் மாற்றினர். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை, நிகழ்ச்சி நிரல், அழைப்பிதழ் என்று எழுதி எழுதி, அச்சிட்டு அச்சிட்டு, மேடையில் உரக்கச் சொல்லிச் சொல்லி நிலைநாட்டினர். அவ்வாறு செய்தவருள் மாணவர் மன்றத்தார் பெரும்பங்கினர். இன்று எவனும் 'வந்தனோபசாரம்' என்றால் சிரிக்கின்றான். அதே வாயால் 'ஓட் ஆப் தேங்க்சு' என்கின்றான். வடமொழிக் காலத்து மாணவர்க்கு இருந்த துணிவு ஆங்கிலக் காலத்து மாணவர்க்கு இல்லாமற் போனதே இழிவு.

துணிவு என்றதும் கும்பகோணம் நினைவுக்கு வரவேண்டும். அங்குள்ள அரசினர் கல்லூரி விடுதியில் பார்ப்பன மாணவர்க்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவர்க்கு ஒரு தண்ணீர்ப் பானை என்று பிரித்து வைத்திருந்த காலம். அதைப் பொறாத மாணவர், தவமணிராசன் முதலியோர், 1943-ஆம் ஆண்டின் இறுதியில் திராவிட மாணவர் கழகத்தைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு பிப்பிரவரியில் அந்நகரிலேயே திராவிட மாணவர் மாநாட்டையும் கூட்டினர். அவர்கட்குப் பின்னால் குளிர்பான நிறுவனம் நிற்கவில்லை. விழா நடத்திக் கொடுக்கும் குத்தகைக்காரர் எவரும் இல்லை. போர்க்காலம்; அரிசிக்கும் தாளுக்கும் தட்டுப்பாடான நாள்கள். அந்நிலையிற் கூட்டியது மாநாடு. இன்று கூட்டுவது மேளா.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். குத்தகைக்காரர் என்பது பழிச்சொல்லன்று; நடப்பு. இன்று பல கல்லூரிகளில் மேடை, ஒளி, ஒலி, உணவு, நடிகர், பாடகர் அனைத்தையும் ஒரே நிறுவனத்திடம் மொத்தமாய் ஒப்படைத்துவிடுகின்றனர். மாணவர் பணம் திரட்டித் தந்தாற் போதும். விழாவில் மாணவர்க்கு எஞ்சியிருந்த பயிற்சியும் போயிற்று. நடிகர் வந்து மூன்று மணித்துளி கையசைக்கப் பல இலக்கம் உருவா. பாட்டுக்கு மேல் பாட்டாக ஒலிப்பெட்டி அதிர்கின்றது. அதைக் 'கல்ச்சுரல்சு' என்கின்றனர். அதில் எவருடைய பண்பாடு இருக்கின்றதென்று அதிர்வு அடங்கியபின் கேட்கலாம். அதுவரை காது கேளாது.

ஆங்கிலத்தையே சாடிக்கொண்டிருந்தால் தமிழ்மன்றத்தார் தப்பிவிடுவர். அவர்களையும் விடலாகாது. ஆண்டுக்கொருமுறை முத்தமிழ் விழா என்று ஒன்று நடக்கின்றது. வேட்டி கட்டியவர் மேடையில் அமர்கின்றனர். "என் தாயே, என் உயிரே" என்று கவியரங்கம். பேச வந்தவர் அனைவரும் தமிழைப் புகழ்கின்றனர். தமிழில் எவரும் ஒன்றையும் விளக்குவதில்லை. கணக்கியல் மாணவன் வரவு செலவை, நிலைத்திணையியல் மாணவி இலையின் உட்கூற்றை, இயற்பியல் மாணவன் கோள்களின் ஓட்டத்தைத் தமிழில் எடுத்துரைக்க அங்கு இடமில்லை. தமிழ் என்றால் தமிழ்த்துறை என்று சுவர் எழுப்பியவர்கள் ஆங்கிலவாணர் மட்டும் அல்லர்; தமிழாசிரியரும் அச்சுவருக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்தவர்களே. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010-இல் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. அம்மாணவர் படித்ததை அவையில் எடுத்துச் சொல்ல எந்தத் தமிழ்மன்றம் மேடை அமைத்துக் கொடுத்தது என்று மன்றத்தார் தம் நெஞ்சைக் கேட்டுப் பார்க்கட்டும்.

இதனினும் பெருங்கொடுமை, அம்முத்தமிழ் விழாவின் பின்புறம். மேடையில் மட்டுமே தமிழ். முதல்வர்க்கு எழுதிய இசைவு மடல் ஆங்கிலம். ஒலிபெருக்கிக்காரர்க்குக் கொடுத்த பற்றுச்சீட்டு ஆங்கிலம். செல்பேசியில் மாணவர் ஒருவர்க்கொருவர் விடுக்கும் செய்தி, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிய அலங்கோலம். ஒப்பனை அறையில் ஆங்கிலம் பேசிவிட்டுத் திரை விலகியதும் தமிழ்த்தாய் வேடம் கட்டுவது போன்றது இது. தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டது. அதன்பின் பிறந்து, படித்து, ஓய்வுபெற்ற பேராசிரியர் பலர். ஒரு விழாவிற்கு இசைவு கேட்கும் மடலைத் தமிழில் வாங்கிப் பழகாத கல்லூரி அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன.

தமிழ்த்தாய் வாழ்த்தின் கதியும் அதுவே. மனோன்மணீயம் சுந்தரனார் 1891-இல் எழுதிய நாடகத்தின் பாடற்பகுதி அது. 1970-இல் அரசு அதனை விழாக்களுக்கு உரிய வாழ்த்தாக்கியது. 2021 திசம்பரில் மாநிலப் பாடல் என்று அறிவித்தது. பாட ஆகும் காலம் 55 நொடி. இசைத்தட்டில் ஒலிக்கவிடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர் வாயாற் பாடவேண்டும் என்றும் அவ்வாணை சொல்கின்றது. நடப்பதென்ன? ஒரு மாணவன் செல்பேசியை ஒலிவாங்கியின் அருகே பிடிக்கின்றான். இடையில் அழைப்பு வந்துவிடுமோ என்று அவன் நெஞ்சு அடித்துக்கொள்கின்றது. ஆயிரம் பேர் பயிலும் கல்லூரியில் 55 நொடி பாட நான்கு குரல் இல்லை! அந்த 55 நொடிக்குப் பின் விழா முழுதும் ஆங்கிலத்திற்குத் தாரைவார்க்கப்படுகின்றது. வாயிலிற் கோலமிட்டுவிட்டு வீட்டை வாடகைக்கு விட்டதற்கு ஒப்பு.

சொற்போர் என்பதும் இன்று நகைச்சுவைத் துணுக்குகளின் கோவையாகிவிட்டது. இருபுறத்தாரும் ஒரே வண்டியில் வந்திறங்கி, ஒரே வண்டியில் ஊதியம் பெற்றுத் திரும்புகின்றனர். தீர்ப்பை வரும்வழியிலேயே பேசிக்கொள்கின்றனர். 1943 பிப்பிரவரி 9 அன்று சென்னைச் சட்டக்கல்லூரி மண்டபத்தில் நடந்ததும் சொற்போரே. கம்பராமாயணத்தைத் தீயிலிடவேண்டும் என்ற கட்சிக்கு அண்ணா. கூடாது என்ற கட்சிக்கு இரா. பி. சேதுப்பிள்ளை. ஒருவர் பல்கலைக்கழகப் பேரறிஞர். மற்றவர் அப்பொழுது முப்பத்துமூன்று அகவையினர். இருவரும் தாம் நம்பியதைப் பேசினர். நம்பாததைப் பேசுவதற்குக் கூலி வாங்கவில்லை. கல்லூரி மண்டபம் ஒன்று நாட்டையே எண்ண வைத்தது அன்று. அவ்வளவு பெரிய கேள்வி இன்றைய கல்லூரி மேடைக்கு வரவே துறைத்தலைவர் இசைவு தரார் என்பது வேறு செய்தி.

விழா எடுப்பது தமிழனுக்குப் பிறர் கற்பிக்கவேண்டியதன்று. மணிமேகலையின் முதற் காதையின் பெயரே விழாவறை காதை. புகார் நகரத்து இருபத்தெட்டு நாள் விழாவை யானைமேல் முரசேற்றி அறைகின்றனர். அறைபவன் சொல்லும் செய்திகளைப் பார்த்தால் இன்றைய விழாக்குழுவின் பணிப்பட்டி அப்படியே இருக்கின்றது. தெருவிற் பழமணல் மாற்றிப் புதுமணல் பரப்பவேண்டும். வாழையும் கமுகும் கரும்பும் நடவேண்டும். கொடிகள் உயர்த்தவேண்டும். அறிவுரை சொல்ல வல்லார் பந்தரிலும் மன்றத்திலும் அமரட்டும். சமய வாதியர் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறட்டும். பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகி நில்லுங்கள். தூய்மை, அணி, அறிவு, அமைதி என நான்கும் அடங்கிவிட்டன. குத்தகைக்காரரைத் தேடச் சொல்லவில்லை. இதைப் பாடமாகப் படித்துத் தேர்வெழுதி மதிப்பெண் வாங்கும் மாணவனே, மாலையில் விழாக்குழுக் கூட்டத்திற்குப் போய் 'அசெண்டா' என்ன என்று கேட்கின்றான். படித்தது பையிலேயே இருந்துவிட்டது.

ஆகவே வேண்டப்படுவது மேடைத்தமிழ் அன்று, வேலைத்தமிழ். முதற்கூட்டத்தின் குறிப்பேட்டிலிருந்து கடைசிப் பற்றுச்சீட்டு வரை தமிழில் எழுதட்டும். பிழை வரும், வரட்டும், திருத்தத் தமிழாசிரியர் இருக்கின்றார், அவர்க்கும் அன்றுதான் உண்மையான வேலை. அழைப்பிதழ் தமிழில் இருக்கட்டும்; ஆங்கிலம் வேண்டுவார்க்குப் பின்பக்கம் இருக்கின்றது. பொறியியற் கருத்தரங்கில் ஒரு பகுதியேனும் தமிழ்க் கட்டுரைகட்கு ஒதுக்கட்டும். முதலாண்டு மூன்று கட்டுரை வந்தால் மூன்றையும் பொறுமையோடு கேட்கட்டும். பணம் கொடுக்கும் கடைக்காரரும் தமிழில் விளம்பரம் செய்தால் தமிழருக்கு விற்கும். அவர் அதற்கு மறுக்கமாட்டார், கேட்கத்தான் ஆள் இல்லை. விழா முடிந்த மூன்றாம் நாள் வரவு செலவைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிப் பார்க்கவேண்டும். ஆங்கிலத்தில் மறைந்திருந்த தொகைகள் சில அப்பொழுது வெளிச்சத்திற்கு வரக்கூடும். சிலர் தமிழை எதிர்ப்பதற்கு அதுவே கரணியமாகவும் இருக்கக்கூடும்.

இவ்வாண்டு விழாக்குழுவின் முதற்கூட்டம் கூடும்போது, கடைசி வரிசையில் இருக்கும் அந்த அரூர்ப் பக்கத்து மாணவன் எழுந்து, பின்னேரம் குழாய் வறண்டுவிடுமே, தண்ணீர் வண்டிக்கு யார் சொல்வது என்று தமிழிற் கேட்கட்டும். சிரிப்பவன் சிரிக்கட்டும். விழா நாளில் வாளியைத் தூக்கப்போவது யார் என்று அப்பொழுதே எழுதிக் கொள்ளலாம்.